போட மட்டும் உரிமை

நெட்வொர்க் போடுவதில் கேபிள் இழுப்பதும் சுவரில் ஓட்டை போடுவதும் பெரிய வேலையே இல்லை. யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் திறக்கக் கூடாது என்று கேட்டு வாங்குகிறோம் பாருங்கள், அங்கேதான் உயிர் போகும். முதலாளியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் முதலில், "எல்லாரும் நம்ம ஆளுங்கதாம்பா, எல்லாத்துக்கும் எல்லாத்தையும் தொறந்து வுட்டுடு" என்பார். டீ வரும். டீ குடித்து முடிப்பதற்குள் என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய், "அந்த மானேஜர் மட்டும் கொஞ்சம்..." என்று இழுப்பார். தாங்கள் சொல்லத் தைரியம் இல்லாததை மெஷின் வாயால் சொல்லவைக்கத்தான் இவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று எரிச்சலாக வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மேற்குத் தாம்பரத்தில் கலீல் பாய் கடையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் சேர்த்து விற்பது, ரிப்பேர் பார்ப்பது, அப்புறம் புதிதாக இந்த நெட்வொர்க். நாலைந்து கம்ப்யூட்டர்களை ஒரு கேபிளில் கோத்து, சர்வர் என்று ஒன்றை நடுவில் வைத்து, எல்லோருடைய ஃபைல்களையும் அதில் போட்டுவைப்பது. அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒருநாள் கலீல் பாய் கூப்பிட்டார்.

"காஜா, அஸ்தினாபுரம் போய்ட்டு வா. சவுரிமுத்துன்னு ஒருத்தர், வூட்லயே டி.டி.பி. சென்டர் வெச்சிகினு கீறாரு. சர்வர் போடணுமாம். பூட்டு, பூட்டுன்னு பத்து தபா சொன்னாரு. இன்னான்னு பாரு."

குரோம்பேட்டையில் இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். அஸ்தினாபுரத்தில் அப்போது வீடு பாதி, காலி மனை பாதி. மனைகளில் எல்லாம் தண்ணீர் தேங்கித் தவளை கத்திக்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவன், அந்த வீட்டு வாசலுக்குப் போனபோது முழங்கால்வரை சேறாக இருந்தேன். கதவைத் திறந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ஒரு குடம் தண்ணி கொண்டா, கம்ப்யூட்டர்காரரு நாத்து நட்டுட்டு வந்துகீறாரு" என்றார்.

அதுதான் அருள்மேரி அக்கா, சவுரிமுத்து அண்ணனின் மனைவி. தண்ணீர் கொண்டுவந்தது அண்ணனின் தங்கை செல்வமேரி. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராக இருந்தவர் என்பதால் அந்தத் தெரு முழுக்க அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன்.

குரோம்பேட்டையில் அண்ணன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு தங்கையின் டைப்ரைட்டிங்கை நம்பித்தான் அந்த டி.டி.பி. சென்டர் பிறந்தது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் செல்வமேரி மிஸ் அடிக்கும் வேகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அக்கா கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைப்பார். அண்ணன் ஆர்டர் பிடிப்பார், பில் போடுவார், ஒற்றை விரலால் கீபோர்டைக் கொத்துவார். மூன்று கம்ப்யூட்டர்கள் மூன்று அறையில். ஃபைல் எல்லாம் ஃப்ளாப்பியில் அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தது. நான் போன அன்று சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பி கிடந்தது.

"இந்தா, இப்படித்தான் எங்க வூட்டு கதை" என்றார் அக்கா. "எவன் வேணா எடுக்கலாம், எவன் வேணா வெக்கலாம். அதான் வந்துச்சு வென."

வினை என்ன என்பதை அண்ணன் சுற்றி வளைத்துச் சொன்னார். பல்லாவரம் பக்கம் தனியார் பள்ளிகள் சில ஒன்றுசேர்ந்து பொதுவாக வினாத்தாள் தயாரித்தன. அதை அடித்துக் கொடுக்கும் வேலை இவர்களுக்கு வந்திருந்தது. வீட்டின் பெரிய வருமானமே அதுதான். காலாண்டுத் தேர்வில் எட்டாம் வகுப்பு அறிவியல் தாள் வெளியே போய்விட்டது. அஸ்தினாபுரத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே மாதிரி, ஒரு கேள்விகூட விடாமல் எழுதியிருந்தார்கள். ஐந்து பேருமே செல்வமேரி மிஸ்ஸிடம் சாயங்காலம் டியூஷன் படித்தவர்கள்.

பள்ளிகளின் கரஸ்பாண்டன்ட் அண்ணனைக் கூப்பிட்டு, "யாரு என்னான்னு நான் கேக்கல. அரையாண்டுத் தாளை உங்க வீட்ல ஒரே ஒரு ஆளுதான் தெறக்க முடியும்னு செஞ்சு காட்டுங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்.

"அதான் காஜா, பூட்டணும்" என்றார் அண்ணன்.

"யாருக்குண்ணா பூட்டணும்?"

"யாருக்குன்னு இல்லப்பா. பொதுவா."

பொதுவாகப் பூட்டுவதற்கு ஒரு வழியும் இல்லை. பெயர் சொல்லித்தான் பூட்டியாக வேண்டும். நான் அச்சுப்பிழையால் ஒதுக்கிய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருப்பி, பின்பக்கம் படம் போட்டேன். ஹாலில் சர்வர். மூன்று அறைக்கும் ஒரே கேபிள். சர்வருக்குள் மூன்று அறை மாதிரி மூன்று டைரக்டரி. கல்யாணம் ஒன்று, கோயில் வேலைகள் ஒன்று, பரீட்சை ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் எல்லோரும் போகலாம் என்று உடனே சொல்லிவிட்டார்கள். பரீட்சை என்று எழுதி, பக்கத்தில் கோடு போட்டு, பேனாவை அண்ணனிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல வெளியே போனார். யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். பழைய வீடு, சுவர் ஒவ்வொன்றும் முக்கால் அடி. உளியும் சுத்தியலுமாக அடித்து அடித்து உள்ளங்கை கொப்புளித்தது. கேபிளைத் தரையோரம் ஓட்டினால் எலி கடிக்கும். கதவு நிலைக்கு மேலே ஏற்றி, அரை முழத்துக்கு ஒரு கிளிப் அடித்தேன். அந்தக் காலத்துக் கேபிளில் ஒரு தொல்லை உண்டு. எங்கே ஒரு முனை கழன்றாலும் அத்தனை கம்ப்யூட்டரும் சேர்ந்து படுத்துவிடும். அதனால் ஒவ்வொரு முனையையும் சீவி, உள்கம்பியைப் பற்றவைத்து, இடுக்கியால் நசுக்கி, இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே மழை விடாமல் பெய்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது.

மத்தியானம் அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும்.

"நம்பி சாப்புடு. பாய் கறிக்கடையில வாங்கினதுதான். ஒனக்கோசரம் மழையில நடந்து போய் வாங்கியாந்தேன்."

"எதுக்குக்கா அவ்வளவு தூரம்?"

"எங்க வூட்ல யாரும் ஒழுங்கா துன்றதில்ல இப்போ. நீயாச்சும் துன்னு, கண்ணால பாக்கறேன்." பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணனும் தங்கச்சியும் பேசறாங்க, பேசலன்னு இல்ல. உப்பு குடு, லைட்டு போடு, கரண்டு பூட்ச்சி. அவ்ளோதான். முன்னாடியெல்லாம் ராத்திரி சாப்பாட்ல ரெண்டும் சிரிக்கற சத்தத்துல நா கத்துவேன். கரஸ்பாண்டன்ட் சொன்னதிலேர்ந்து பேஜாராப் பூட்ச்சி. அவளா டியூஷன நிறுத்திட்டா. இவரு ஏன் நிறுத்தினன்னு கேக்கல. நா சொல்லிட்டேன், யோவ், நேருக்கு நேரா கேட்டுடு, எடுத்தியா இல்லியான்னு. கேக்கமாட்டேன்றாரு."

"நீங்க கேட்டிருக்கலாமே அக்கா?"

"நா அண்ணிக்காரி. நா கேட்டா அது வேற கேள்வியா பூடும்."

செல்வமேரி மிஸ்ஸின் அறை கடைசி. ஜன்னலோரம் கம்ப்யூட்டர், சுவரில் மாதா படம், மூலையில் சுருட்டிவைத்த கோரைப்பாய்கள். டியூஷன் பிள்ளைகளுக்கு விரித்தவை. நான் மேஜைக்கடியில் படுத்துக்கொண்டு முனை நசுக்க, அவர் மேலே ஒரு கோயில் விழா மலரை அடித்துக்கொண்டிருந்தார். கீபோர்டு சத்தம் மழையோடு மழையாகக் கேட்டது.

"காஜா, ஒண்ணு கேக்கட்டுமா?" சத்தம் நிற்கவில்லை. அடித்துக்கொண்டேதான் கேட்டார். "என் பேருக்கு அண்ணன் என்ன எழுதியிருக்காரு?"

"இன்னும் ஒண்ணும் எழுதல மிஸ்."

சத்தம் நின்றது.

"எழுத கஷ்டமாத்தான் இருக்கும். எனக்கே தெரியலயே."

நான் மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"அடிக்கும்போது நான் படிக்கிறதே இல்ல. கண்ணு தாள்ல இருக்கும், வெரலு பாட்டுக்குப் போகும், மனசு வேற எங்கயோ நிக்கும். அடிச்சு முடிச்சதும் என்ன அடிச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஆனா சாயங்காலம் பசங்க முன்னாடி ஒக்காந்தா, இன்னைக்கு எந்தப் பாடம் எடுக்கலாம்னு மனசுல ஒண்ணு வரும் பாரு, அது எங்கேர்ந்து வருது? பரீட்சைக்கு முந்தின வாரம் ஒளிச்சேர்க்கை எடுத்தேன். படம் போட்டு பாகத்தக் குறிங்கன்னு சொன்னேன். காந்தத்தப் பத்தி எழுதிப் பாருங்கன்னு சொன்னேன். அதெல்லாம் தாள்ல இருந்துச்சு. அத நான் டீச்சரா சொன்னேனா, டைப்பிஸ்ட்டா சொன்னேனா?"

"முக்கியமான பாடம் எல்லா டீச்சரும் சொல்றதுதானே மிஸ்."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கறேன். பகல்ல நம்பறேன். படுத்தா நம்ப முடியல."

"அண்ணங்கிட்ட இதைச் சொல்லிடுங்களேன்."

"அவரு கேக்கட்டும், சொல்றேன். நானா போயி சொன்னா தப்பு பண்ணிட்டு வந்து சொல்ற மாதிரி ஆயிடாதா? கேக்கணும்னுதான் நான் தெனமும் சாப்பிட ஒக்காரும்போது காத்துக்கிட்டு இருக்கேன். அவரு குழம்பப் பத்திப் பேசிட்டு எழுந்து போயிடறாரு." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "நீ இதை அவர்கிட்ட சொல்லாத. சத்தியமா சொல்லாத."

நான் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் அண்ணன் பஸ் ஸ்டாப்வரை கூட வந்து, டீக்கடையில் இரண்டு டீ சொல்லி, அப்படியே நின்றபோது எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"அண்ணா, நாளைக்கு சர்வர் ரெடி. பரீட்சை டைரக்டரிக்கு யார் யாருன்னு சொல்லுங்க. மிஸ்ஸுக்கு உண்டா, இல்லியா?"

"அவதானே அடிக்கணும். நா அடிச்சா அடுத்த வருஷம் பரீட்சைக்குத்தான் ஆவும்."

"அப்ப குடுத்துடலாம்."

"குடுத்தா கரஸ்பாண்டன்ட் ஒத்துக்க மாட்டாரு."

"அவரை விடுங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். மழைக்கு ஒதுங்கியவர்கள் கூட்டத்தில் யாரோ இடித்துக் கொஞ்சம் டீ சட்டையில் கொட்டியது. அதையும் துடைக்கவில்லை.

"எடுத்துருக்க மாட்டா காஜா. ஆனா அந்தப் பசங்கன்னா அவளுக்கு உசுரு. பெயிலாப் போற பையன் ஒருத்தன் வந்து அழுதா மனசு எளகாதா? ஒரு கேள்வி, ரெண்டு கேள்வி... தெரியல."

"நேரா கேட்டுடுங்க அண்ணா."

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?" அவர் குரல் உடைந்தது. "அப்பா அம்மா போறப்ப அவளுக்குப் பத்து வயசு. நாந்தான் தல பின்னி ஸ்கூலுக்கு அனுப்புனேன். ஆமாண்ணான்னு அவ சொல்லிட்டா நா எங்க போறது? கேக்காத வரைக்கும் எடுக்கலன்னு நெனச்சிகினு இருக்கலாம் இல்ல? கம்ப்யூட்டருக்கு அண்ணன் தங்கச்சி கெடையாது. அது பூட்டட்டும். எங்க மூஞ்சிய நாங்க பாத்துக்க வேணாம்."

எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, பாவமாகவும் இருந்தது. உரிமைகளில் ஒரு வகை உண்டு என்று சொன்னேன். ஒரு ஆள் அந்த டைரக்டரியில் ஃபைலைப் போடலாம். போட்டபின் பார்க்க முடியாது, திறக்க முடியாது, உள்ளே என்னென்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தபால் பெட்டி மாதிரி. ஆனால் அடிக்கும்போது கண் பார்த்ததை எந்த சர்வராலும் பூட்ட முடியாது என்றும் சொன்னேன். முதல் பாதியை மட்டும்தான் அவர் கேட்டார்.

"அதான். அதப் போடு. அவளுக்கு அந்த மாதிரி போட்டுடு" என்றார். அவ்வளவு நிம்மதியாக அவர் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சர்வரை முதலில் ஓட்டிப் பார்த்த அன்றும் மழைதான். அக்கா கேசரி கிண்டியிருந்தார். சர்வர் பெட்டிக்குச் சந்தனம் வைத்து, பக்கத்தில் மெழுகுவத்தி கொளுத்தி, எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகை ஒன்றை அண்ணன் ஹாலிலிருந்து திறந்தார், அக்கா சமையலறைக்குப் பக்கத்து அறையிலிருந்து திறந்தார். ஃப்ளாப்பி இல்லாமல் அறைக்கு அறை ஃபைல் போவதைப் பார்த்து அக்கா கை தட்டினார்.

செல்வமேரி மிஸ் தன் பெயரை அடித்து உள்ளே போனார். சோதித்துப் பார்க்க மாதிரித் தாள் ஒன்றைச் சரசரவென்று அடித்து, பரீட்சை டைரக்டரியில் போட்டார். பிறகு அதைத் திறக்கப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடியும் பார்த்தார். திரை வெறுமையாக இருந்தது.

"அழிஞ்சி போச்சா காஜா?"

நான் பதில் சொல்வதற்குள் ஹாலிலிருந்து அண்ணன் சந்தோஷமாகக் கத்தினார். "வந்துடுச்சு, வந்துடுச்சு. இங்க நல்லாத் தெரியுது."

மிஸ்ஸுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். திரையை, என்னை, கதவை என்று மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு எழுத்துப் பிழை இருந்தா?"

"அண்ணன்தான் திறந்து திருத்தணும் மிஸ்."

"அவருக்கு எந்த ளகரம் எங்க வரும்னே தெரியாதே." சிரிக்கப் பார்த்தார். "பரவாயில்ல. நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க."

அக்கா கேசரித் தட்டோடு வாசலில் நின்று இதைக் கேட்டார். தட்டை டக்கென்று மேஜையில் வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார்.

"யோவ், இன்னா பண்ணி வெச்சிகீற? அவ அடிச்சத அவளே பாக்கக் கூடாதா?"

"கரஸ்பாண்டன்ட்..."

"கரஸ்பாண்டன்ட்டா இந்த வூட்ல துன்றான்? சந்தேகம்னா வாயத் தொறந்து கேளு. சந்தேகம் இல்லன்னா எல்லாத்தையும் தொறந்து வுடு. இது இன்னா பொழப்பு, பொட்டிய வுட்டு சொல்லவெக்கறது? இதோ நிக்கறா, கேளுய்யா."

மிஸ் எழுந்து ஹாலுக்கு வந்து நின்றார். உண்மையாகவே நின்றார். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, அண்ணன் முகத்தையே பார்த்தபடி. கேட்டுவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணன் வாயைத் திறந்தார்.

"யு.பி.எஸ். சத்தம் போடுதே, பேட்டரி சரியா கீதா காஜா?" என்றார்.

மிஸ் உள்ளே போய்த் தன் வேலையை எடுத்துக்கொண்டார். அன்றைய கேசரியை நான் மட்டும்தான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அரையாண்டுத் தாள்களை எல்லாம் அவர்தான் அடித்தார். எல்லா வகுப்பும், எல்லாப் பாடமும். ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார், ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் ஒருமுறை எலி கேபிளைக் கடித்து எல்லாம் நின்றுபோய், நான் போனேன். சாயங்கால நேரம். டியூஷன் பிள்ளைகள் நாலைந்து பேர் சைக்கிளோடு கேட்டில் நின்று, "மிஸ், கணக்கு மட்டும் மிஸ், ப்ளீஸ் மிஸ்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். மிஸ் உள்ளேயிருந்து வரவேயில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டவர் மாதிரி குனிந்து அடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனபின் என்னிடம், "அதுங்களப் பாத்தா ஏதாவது சொல்லிடுவேனோன்னு பயமாருக்கு" என்றார்.

கடைசித் தாளைப் போட்ட மறுநாள் காலையில் அவர் வீட்டைவிட்டுப் போனார். சண்டை இல்லை, அழுகை இல்லை. கோவளத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சிறுமிகள் விடுதியில் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொன்னாராம். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டு வந்தாராம். வழியெல்லாம் இருவரும் பேசியது, கடற்கரையில் குளிராக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்பது மட்டும்தான். இதை அக்கா கடைக்கு வந்து பிரிண்டர் மை வாங்கும்போது சொல்லிச் சொல்லி அழுதார். கலீல் பாய் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடந்தது. தாள் மறுபடியும் வெளியே போனது.

இந்தத் தடவை சர்வரில் பரீட்சைத் தாளைத் திறக்க முடிந்த ஒரே ஆள் அண்ணன்தான். கரஸ்பாண்டன்ட்டுக்கு முன்னால் போய், "நாந்தான் சார் தெறந்தேன், நா யாருக்கும் குடுக்கல, மாதா மேல சத்தியம்" என்று அவர் நின்றதை அக்கா சொன்னார். தன்மேல் பழி வந்தபோதுதான் பழி எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன்பே விஷயம் உடைந்துவிட்டது. அந்தப் பள்ளிகளில் ஒன்றில், அச்சடித்த தாள்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து வைக்கும் அறைக்குப் பொறுப்பாக இருந்த ஆள் கட்டுக்கு ஒரு தாளை உருவி விற்றிருக்கிறான். காலாண்டுத் தாளையும் விற்றவன் அவன்தான். அதை வாங்கியவர்களில் ஒரு டியூஷன் பையனின் மாமாவும் ஒருவர். ஐந்து பிள்ளைகளும் பங்குபோட்டுப் படித்துவிட்டு, மிஸ்ஸிடம் மூச்சுவிடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மிஸ் வரவில்லை. விடுதியில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வர முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஜனவரியில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். சர்வருக்கு முன்னால் உட்கார்த்திவைத்து, "செல்வத்துக்கு எல்லாத்தையும் தொற" என்றார். தங்கையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "எனக்கு இன்னா கீதோ அவ்வளவும். எனக்கு மேல ஏதாச்சும் கீதா?"

"சூப்பர்வைசர் இருக்கு. சர்வருக்கே முதலாளி."

"அத குடு அவளுக்கு. நா சாதாரணமா இருந்துக்கறேன்."

போட்டுக் கொடுத்தேன். அவர் அதை ஒரு பேப்பரில் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். செல்வமேரி என்ற பெயருக்கு எதிரே எல்லா உரிமைகளும் வரிசையாக இருந்த அந்தப் பேப்பரை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீயும் வா காஜா. இது இன்னா அர்த்தம்னு எனக்கு சொல்ல வராது" என்றார்.

கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, கோவளத்தில் இறங்கினோம். கரையில் மீன் ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வெறுங்கையோடு போகக் கூடாது என்று தங்கைக்குப் பிடித்த சங்கரா மீன் வாங்கினார். விடுதியில் சமைக்க விடுவார்களா என்று அவர் யோசிக்கவேயில்லை. வழியெல்லாம் மீன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே வந்தார்.

விடுதி முற்றத்தில் புங்கமரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தது. மிஸ் வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். ஆனால் முகம் அமைதியாக இருந்தது. மீனைப் பார்த்ததும் சிரித்து, "இங்க எதுக்குண்ணா மீனு? கடலே பக்கத்துலதானே இருக்கு" என்றார். அதை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அண்ணன் பேப்பரை எடுத்து நீட்டினார். "வித்தவன் மாட்டிகினான் செல்வம். காலாண்டும் அவன்தான். நீ இல்ல. ஒம்மேல ஒண்ணும் இல்ல. காஜாவக் கேளு, எல்லாத்தையும் ஒனக்குத் தொறந்து வெச்சாச்சு. எனக்கு மேல ஒன்னதான் போட்டுகீது. கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

மிஸ் பேப்பரை வாங்கிப் பார்க்கவில்லை. "நான் இல்லியா?" என்று மட்டும் கேட்டார். அதை அண்ணனிடம் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

"நீ இல்லம்மா. அந்த ஆளுதான்."

"அப்ப பசங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லலதான். நா எப்பவும் அப்படித்தான் நெனச்சேன்."

"இல்லண்ணா. நீ அப்படி நெனக்கல." குரலில் கோபமே இல்லை. "நெனச்சிருந்தா கேட்டிருப்ப. ஒரு தபா கேட்டிருந்தா, தெரியலண்ணான்னு சொல்லியிருப்பேன். எனக்கு நெஜமாவே தெரியல. ரெண்டு பேரும் அழுதிருப்போம். அண்ணி நம்ம ரெண்டு பேரையும் திட்டியிருப்பாங்க. அதோட போயிருக்கும். தெனமும் சோத்துத் தட்டு முன்னாடி ஒக்காந்து காத்துக்கிட்டு இருந்தேன். நீ கேக்கல."

"தப்புதாம்மா."

"கேக்காம கேக்காம எனக்கே முடிவாயிடுச்சு, நாந்தான் பண்ணியிருக்கேன்னு. கூடப்பொறந்தவனே வாயால கேக்கப் பயப்படறான்னா அது உண்மையாத்தானே இருக்கணும்? இங்க வந்த மொத வாரமே ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். பசங்களுக்குக் கேள்வியச் சொல்லிட்டேன், நம்பிக் குடுத்தவங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு. மண்டி போட்டுக்கிட்டு என் வாயாலயே சொன்னேன். அவரு மன்னிச்சு, தெனமும் ஜெபமாலை சொல்லச் சொன்னாரு. இன்னைக்குக் காத்தால வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதுக்கப்பறந்தான் தூக்கமே வந்துச்சு." அண்ணன் கையிலிருந்த பேப்பரை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தார். "செய்யாத பாவத்துக்கு ஆண்டவர்கிட்ட மன்னிப்பு வாங்கிட்டேண்ணா. இப்ப அத எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கறது?"

உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. சின்னப் பெண்கள் தட்டோடு வரிசையாக நிற்க, ஒருத்தி வந்து மிஸ்ஸின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மிஸ் எழுந்தார். அண்ணனும் எழுந்து என்னோடு கேட்வரை வந்தார். அங்கிருந்து திடீரென்று திரும்பி ஓடினார். அந்தப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, தங்கச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ எடுத்தியா செல்வம்? பசங்களுக்குச் சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா" என்றார் மிஸ். பிறகு கையை விடுவித்துக்கொண்டு சோறு போடப் போனார்.